குழந்தைகள் உள்ள வீட்டில் கேக் செய்து விற்கத் தொடங்குவது எப்படி: ஆவணம், செலவு, நேரம்

வீட்டில் நன்றாகக் கேக் செய்யும் பெண்கள் பெரும்பாலும் தலைகீழான வரிசையில்தான் விற்பனைக்குள் நுழைகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் பிறந்தநாளுக்குக் கேட்பார், செய்து கொடுப்பார்கள், சாப்பிட்டவர்களில் இன்னும் நால்வர் கேட்பார்கள், வாட்ஸ்ஆப்பில் படங்கள் போகும், அதன்பிறகு யாரோ ஒருவர் "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்ட பிறகே ஆவணங்களைப் பற்றிய நினைப்பு வரும். விலையைப் பற்றிய கணக்கு அதற்கும் பின்னால்தான் வரும். இந்தக் கட்டுரையில் வரிசையை நேராக்கியிருக்கிறேன்: முதலில் இடம், அடுத்து ஆவணம், பிறகு லேபிள், அதன்பிறகு விலை, கடைசியாகத்தான் ஆர்டர். இதில் உள்ள கட்டணங்களும் விலைகளும் 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நான் பதிவு செய்து தொழில் தொடங்கியபோது நடப்பில் இருந்தவை. அரசுக் கட்டணத்தையும் விதிகளையும் மட்டும் விண்ணப்பிக்கும் நாளன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. அடுப்பங்கரையை முதலில் பாருங்கள்

பதிவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தனி அறை தேவையில்லை. வீட்டுச் சமையலறையே போதும். ஆனால் விற்பனைக்கு உரிய மாவு, சர்க்கரை, முட்டை, சாக்லேட் ஆகியவற்றுக்கு ஓர் அலமாரித் தட்டும், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்த கிரீம் ஒரே இரவில் மணத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அனுபவமுள்ள எவரும் சொல்வார்கள்.

வாடகை வீடாக இருந்தால், வீட்டுக்காரரிடம் பேசிவிடுவது இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். பின்னால் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும்போது அவர் தயங்கினால் எல்லாமே நின்றுபோகும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் காதிலும் போட்டு வைப்பது நல்லது; ஆர்டர் எடுத்துச் செல்ல வரும் வண்டிகளால்தான் அங்கே சச்சரவு தொடங்கும், கேக்கால் அல்ல.

எரிபொருளில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான மானிய சிலிண்டரானாலும் மானியம் இல்லாத வீட்டுச் சிலிண்டரானாலும், அதை வணிகத்துக்குப் பயன்படுத்த விதியில் இடமில்லை. மின்சார ஓவனில் செய்வதே வசதி. 28 முதல் 35 லிட்டர் வரையுள்ள ஓடிஜி என்ற மேசை மின் ஓவன் ஒன்று தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால்கூட ஒன்றரை யூனிட்தான் ஆகும், வெப்பம் எட்டியதும் அது தானாக அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. கவனிக்க வேண்டியது வேறொன்று. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். ஏற்கெனவே 450 யூனிட்டில் நிற்கும் வீட்டில் ஓவன் சேரும்போது ரசீது ஏன் இவ்வளவு தாவியது என்று திகைக்க வேண்டாம். வணிகப் பயன்பாடு தொடர்பாக உங்கள் இணைப்பில் மாற்றம் தேவையா என்பதைப் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

உணவு விற்கும் எவரும், அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். 2024 இல் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அடிப்படைப் பதிவு போதும், உரிமம் வேண்டியதில்லை என்று இருந்தது. வீட்டிலிருந்து கேக் செய்பவர்கள் அநேகமாக அனைவரும் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

தேவைப்படுபவை மிகக் குறைவு: உங்கள் புகைப்படம், ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அடையாளச் சான்று, கேக் செய்யும் இடத்தின் முகவரிச் சான்று. சிக்கல் எழுவது மூன்றாவதில்தான். ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி, மின் ரசீதில் மாமனாரின் பெயர், வாடகை ஒப்பந்தத்தில் கணவரின் பெயர் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்பது நம் வீடுகளில் சாதாரணம். அப்படியிருந்தால் மின் ரசீதுடன், அந்தப் பெயருக்கு உரியவர் "என் வீட்டில் இவர் இந்தத் தொழில் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். கடிதத்தில் கதவு எண், தெருப் பெயர், அஞ்சல் குறியீடு ஆகியவை விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டும் உள்ள தெருக்களில் இரண்டையுமே எழுதுங்கள். இல்லையென்றால் ஆய்வுக்கு வருபவர் வேறொரு வீட்டின் அழைப்பு மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அதே வாரத்தில் மருத்துவத் தகுதிச் சான்றையும் வாங்கிவிடுங்கள். பதிவு விண்ணப்பத்தோடு இதை ஏற்றச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் உணவைக் கையாள்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், குடல் சார்ந்த நோய்களுக்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. தோல், கண், பொதுவான உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்துப் பதிவு பெற்ற மருத்துவர் உரிய படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவார். தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி நீங்கலாகச் சில நூறு ரூபாய் ஆகும். ஐசிங் வேலையில் உங்கள் தங்கையோ மாமியாரோ கைகொடுப்பதாக இருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

3. விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள்

விண்ணப்பிக்க வேண்டியது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில்; அதன் பெயர் ஃபாஸ்காஸ் (FoSCoS). தேடுபொறியில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றில் அரசுச் சின்னத்தைப் போன்ற படத்தைப் போட்டுக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்கும் தனியார் தளங்களும் உண்டு. உண்மையான தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும்; அதைப் பார்க்காமல் செல்போன் எண்ணைக்கூட நிரப்ப வேண்டாம், நிரப்பிவிட்டால் முகவர்களின் அழைப்பு ஓயாது. 2024 இல் அரசுக் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 100 ரூபாயாக இருந்தது. அப்போது ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்துக் கட்ட முடிந்தது.

கணினி தெரியாது என்று பக்கத்துக் கணினி மையத்தில் கொடுக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் திரையில் படித்துப் பாருங்கள். எனக்கு உதவிய மையத்தில் தொழில்வகை என்ற இடத்தில் 'சில்லறை விற்பனை' என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். செய்பவர் வேறு, வாங்கி விற்பவர் வேறு. நீங்களே மாவு குழைத்து வேக வைப்பதால் நீங்கள் தயாரிப்பாளர். அந்தத் தலைப்பின் கீழ்தான் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேற்படாத தயாரிப்பு என்பது சிறு தயாரிப்பாளர்களுக்கான வரம்பு. வீட்டு ஓவனால் அதை எட்டவே முடியாது.

பொருள் வகையில் இன்னொரு கவனம் தேவை. கேக், பிஸ்கட், ரொட்டி ஆகியவை ஏழாம் எண் வகையான பேக்கரிப் பொருட்களில் வரும். வீட்டில் வார்க்கும் சாக்லேட்டும் மிட்டாயும் ஐந்தாம் வகையான இனிப்பு மிட்டாய்களில் வரும். தீபாவளிக்குச் சாக்லேட் பெட்டி போடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் இப்போதே தேர்ந்தெடுங்கள். பின்னால் சேர்ப்பதற்குத் தனியே திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

பணம் கட்டியதும் ஒரு குறிப்பு எண் வரும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும்போது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இந்த எண்ணைச் சொன்னால்தான் எதையும் தேடிச் சொல்வார்கள்.

4. ஏழு நாள், முப்பது நாள்: காத்திருக்கும் காலம்

விதிப்படி, விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் அதிகாரி பதிவு வழங்கலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது இடத்தைப் பார்க்க வருவதாக அறிவிக்கலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டால் 30 நாட்கள் வரை போகும். ஆகவே குறைந்தது ஒன்றரை மாத இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள். கிறிஸ்துமஸ் ஆர்டரை நம்பித் தொடங்குகிறவர்கள் டிசம்பரில் விண்ணப்பிப்பது வீண். அக்டோபர் தொடக்கத்தில் போட்டுவிட வேண்டும்.

விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வருவது மறுப்பு ஆகாது. தளத்தில் உள்ளே நுழைந்து பார்த்தால்தான் அது தெரியும். குறுஞ்செய்தி சில வேளை வருவதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். குறித்த காலத்துக்குள் பதில் தராமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும், கட்டிய பணமும் போய்விடும்.

ஆய்வு என்றதும் பலரும் சுவருக்கு வெள்ளையடிக்க ஓடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி சுவரைப் பார்க்கவே இல்லை. நேரே போய்க் குப்பைக் கூடைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பி அடியில் இருந்த தேதியைப் படித்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டார். ஜன்னல் வலையில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த கிழிசலைக் காட்டி அதை மாற்றச் சொன்னார். தலையுறை, ஏப்ரன், கை கழுவும் இடத்தில் சோப்பு, முட்டை வைக்க மூடியுள்ள தட்டு, பூச்சி மருந்து உணவுப் பொருளிலிருந்து விலகியிருத்தல், இவற்றைச் சரிசெய்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பூனையோ நாயோ வளர்ப்பவர்கள் அது சமையலறைக்குள் வராமலிருக்கத் தடுப்பு ஒன்று வைத்துவிடுங்கள்.

பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண்ணுடன் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அடிப்படைப் பதிவின் எண் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும்; உரிம எண் 1 இல் தொடங்கும். படத்தில் மட்டும் எண்ணைக் காட்டி ஏமாற்றும் முகவரிடம் பணம் கொடுத்தவர்கள், அதே தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அது உண்மையா என்று உடனே தெரிந்துவிடும்.

இதோடு சேர்த்து, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் செய்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். கட்டணம் எதுவும் கிடையாது. வங்கிக் கடனோ ஓவன் வாங்க உதவியோ கேட்கப் போகிறவர்களுக்கு இது பயன்படும். இதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.

5. லேபிளை இரண்டு நாளில் முடிக்கலாம், ஆனால் விடக்கூடாது

பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள் எடையின் இறங்கு வரிசையில், நிகர எடை, செய்த தேதி, உண்ண வேண்டிய கடைசித் தேதி, தொகுதி எண், எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பு, உங்கள் பெயரும் முகவரியும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னத்தோடு 14 இலக்க எண் ஆகியவை இருக்க வேண்டும். ரசீது கொடுத்தால் அதிலும் அந்த எண் வர வேண்டும். ஏ4 அளவு ஸ்டிக்கர் தாளில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் அச்சிட்டால் ஒரு கேக்குக்கு மூன்று நான்கு ரூபாய்தான் விழும். தேதியை மட்டும் அழியாத மையால் கையால் எழுதிவிடலாம்.

இரண்டு இடங்களில் வீட்டுத் தயாரிப்பாளர்கள் தவறுவதை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, முட்டை. முட்டை சேர்த்த கேக்குக்குப் பச்சைப் புள்ளி போடக்கூடாது. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். இரண்டாவது, ஒவ்வாமை. கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை இருந்தால் தனி வரியில் சொல்ல வேண்டும். சாக்லேட் கட்டியில் சோயா லெசித்தின் இருக்கும் என்பதால், "நான் சோயாவே சேர்க்கவில்லை" என்று நினைப்பவர்களின் கேக்கிலும் சோயா இருக்கக்கூடும். வாங்கிய பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து எழுதுங்கள்.

முட்டை சேர்க்காத கேக்குக்கு நம் ஊரில் இருக்கும் தேவையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். புரட்டாசி மாதம் முழுவதும், கார்த்திகையில் மாலை போட்ட வீடுகளிலும், வெள்ளி செவ்வாய்க் கிழமைகளிலும் கேட்பது அதைத்தான். அதற்கெனத் தனிக் கிண்ணமும், தனி அடிப்பானும், தனித் தட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையில்லை என்று சொல்லிவிட்டு முட்டை கலந்த கிண்ணத்தைக் கழுவிப் பயன்படுத்துவது, விரதம் இருப்பவருக்குச் செய்யும் துரோகம் என்பதோடு, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆபத்தும்கூட.

6. விலை: கணக்குப் போட்டபின் வாய் திறவுங்கள்

ஒரு கிலோ வெண்ணிலா கிரீம் கேக்குக்கு நான் போட்ட கணக்கு இது. மைதா 9 ரூபாய், சர்க்கரை 7, மூன்று முட்டை 20, வெண்ணெய் 56, பாலும் பேக்கிங் பவுடரும் எசன்சும் சேர்த்து 15, விப்பிங் கிரீம் 80, அட்டைப் பலகையும் பெட்டியும் சீட்டும் 60, மின்சாரம் 10. ஆக மொத்தம் 257. பெட்டிக்கும் பலகைக்கும் போகும் பணம் மைதா, சர்க்கரை, முட்டை மூன்றும் சேர்ந்ததைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். பெட்டியை ஒன்றிரண்டாக வாங்காமல் ஐம்பதாக வாங்கினால் அங்கேதான் முதலில் மிச்சம் பிடிக்க முடியும்.

இதன்மேல் உங்கள் கூலி வரவேண்டும். கடைக்குப் போய் வருவது, அலங்கரிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் வைத்தால்கூட 240. சேதாரத்துக்கு 25. இப்போது 522 ஆகிவிட்டது, இன்னும் லாபம் சேரவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் 450க்குக் கொடுக்கிறார் என்றால், அவர் தம் உழைப்பில் ஒரு பகுதியை இலவசமாகத் தருகிறார் என்று பொருள். அவரோடு போட்டி போட வேண்டாம். நான் 650 சொல்கிறேன். குறைத்துக் கேட்பவர்களுக்கு அளவைக் குறைத்து அரைக் கிலோ பரிந்துரைக்கிறேனே தவிர விலையைக் குறைப்பதில்லை. உறவினர்களிடம் இது கடினம்தான். அத்தை வீட்டுக்கு அன்பளிப்பாக ஒன்று கொடுத்துவிடலாம். பாதி விலை என்ற வழக்கத்தை மட்டும் தொடங்கிவிடக் கூடாது, அது சித்தி வீடு, பெரியப்பா வீடு என்று பரவும்.

பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் ஓவனைச் சூடாக்க வேண்டாம். உருவப் படம் வைத்த கேக், பெயர் எழுதிய கேக் ஆகியவற்றுக்கு முழுத் தொகையையும் முன்பே வாங்குவது நியாயமே. வேண்டாமென்று கடைசியில் சொல்லிவிட்டால் வேறு யாரிடமும் அதை விற்க முடியாது.

7. குழந்தைகளை எதில் சேர்ப்பது, எதில் சேர்க்காமலிருப்பது

வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கு உண்மையான கேள்வி இதுதான், வேறெந்த வழிகாட்டியிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. மாவைப் பார்த்தால் குழந்தைக்குக் கை துறுதுறுக்கும். கிரீமில் விரல் வைத்து நக்காத குழந்தை இல்லை. விற்பனைக்கு உரிய மாவில் அது நடக்கக் கூடாது. அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டால் பிள்ளைக்குக் கேக்கின் மேலேயே கோபம் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒத்துவந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். கிரீம் பூசுவதற்கு முந்தைய வெறும் கேக்கான ஸ்பாஞ்சை முந்தின நாள் இரவு, குழந்தைகள் தூங்கிய பின் 180 டிகிரி செல்சியஸில் வேக வைத்து, முழுமையாக ஆறவிட்டு, உணவுக்கான மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் பள்ளி வண்டி போனதும் ஐசிங். குளிர்ந்த ஸ்பாஞ்ச் உதிராமல் வெட்ட வரும் என்பதால் இதில் வேலையும் சுத்தமாக இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் குழந்தைகளுக்கு உரியது: அன்று விற்பனை வேலை கிடையாது, அவர்கள் முட்டை உடைக்கலாம், மாவைக் கொட்டலாம், செய்வதை வீட்டாரே சாப்பிடுவோம். நான்கு வயதுக் குழந்தைக்குச் சலிப்பதும், அச்சில் வெண்ணெய் தடவுவதும் வரும்; எட்டு வயதில் அளவு பார்த்து எடை போட வரும். பச்சை முட்டை கலந்த மாவை நக்கவிட வேண்டாம். முட்டையில்லாத ரவை கேக் அன்றைக்கு நல்லது என்றாலும் பச்சை மாவும் வயிற்றுக்கு ஆகாதுதான், வெந்தபின் சாப்பிடலாம் என்று பழக்குங்கள். ஓவன் கதவைத் திறப்பது எந்த வயதிலும் பெரியவர்களின் வேலை.

விற்பனையில் அவர்கள் சேரும் இடம் கைவினைதான். பெட்டியில் கட்டும் வாழ்த்துச் சீட்டு, கேக்கின் மேல் நிற்கும் காகிதப் பெயர்ப் பலகை, காகித நாடாவைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் பூ, பெட்டியின் நாடா ஆகியவை எல்லாம் சாப்பாட்டு மேசையில், மாவிலிருந்து விலகி, செய்யக்கூடியவை. என் மகள் துளையிடும் கருவியைத் தாளின் ஓரத்தில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். துளை சில நேரம் எழுத்தின் மேலேயே விழும். கோணலான சீட்டுகளைத்தான் வாங்குபவர்கள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் நான் திருத்துவதில்லை.

ஆனால் கைவினைப் பொருள் உணவைத் தொடும் இடத்தில் கண்டிப்பு வேண்டும்.

• கைவினைக் கடையில் கிடைக்கும் மினுமினுப்புத் தூளைக் கேக்கில் தூவக் கூடாது. அதில் இருப்பது பிளாஸ்டிக். உண்ணத்தக்கது என்று எழுதிச் சேர்மானங்களும் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். 'நச்சற்றது' என்ற சொல் 'உண்ணலாம்' என்று பொருள்படாது.

• பெட்டியிலும் காகிதப் பலகையிலும் ஸ்டேப்ளர் ஊசியும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம். பசை தடவிய குச்சியின் கீழ்முனையை வெண்ணெய்த் தாளிலோ சிறு குழலிலோ செருகிய பிறகே கேக்கில் குத்துங்கள்.

• புதுப்பூ அலங்காரம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரளியும் செங்காந்தளும் நஞ்சு. வாசலில் பூத்திருக்கிறதென்று பறித்து வைக்க வேண்டாம். சந்தையில் வாங்கும் ரோஜாவிலும் பூச்சி மருந்து இருக்கும் என்பதால் அது கிரீமைத் தொடாமல் இருக்க வேண்டும்.

• முதல் பிறந்தநாள் கேக் கேட்டால் தேனைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் கேக்கில் முழு முந்திரியும் கடினமான வெள்ளி உருண்டைகளும் தொண்டையில் சிக்கும்.

8. கோடையும் போக்குவரத்தும்

சித்திரை வைகாசியில் கிரீம் கேக்குக்கு ஆர்டர் எடுப்பது துணிச்சல். விப்பிங் கிரீமை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு முழுக்க வைத்து இளக்கி, கிண்ணத்தையும் குளிர்வித்துத்தான் அடிக்க வேண்டும். அவசரத்துக்கு வெளியில் வைத்து இளக்கினால் அது எழும்பவே எழும்பாது. மின்தடை நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். அந்த நாளில் ஆர்டர் எடுக்காமலிருப்பதே உத்தமம்.

கிரீம் கேக்கை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் 1 மணி நேரம்தான். இதை வாங்குபவரிடம் வாயாலும் சொல்லுங்கள், ஏனென்றால் விழா வீட்டில் மாலை ஐந்து மணிக்கே கேக்கை மேசையில் அடுக்கிவிட்டு, தாய்மாமன் வருவதற்காக எட்டு மணி வரை காத்திருப்பார்கள். இருசக்கர வாகனத்தில் அனுப்பும் கேக் உருக்குலைந்தால் பொறுப்பு யாருடையது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்வோருக்குப் பெட்டியைத் திறந்து காட்டி, ஒரு படம் எடுத்துக்கொண்டபின் கொடுப்பது என் வழக்கம்.

9. ஒரு நோட்டும் ஒரு தேதியும்

மாதத்துக்கு எத்தனை ஆர்டர், எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று சாதாரண நோட்டில் எழுதி வாருங்கள். அடிப்படைப் பதிவுக்கான விற்பனை வரம்பை நெருங்குகிறீர்களா என்று தெரிவதற்கும், வங்கியில் கேட்கும்போது காட்டுவதற்கும் அது போதும். மாவு, கிரீம், சாக்லேட் வாங்கிய ரசீதுகளை அதே நோட்டில் ஒட்டிவிட்டால், யாராவது வயிற்றுவலி என்று சொல்லும்போது எந்தப் பொட்டலம் எந்த நாளில் வாங்கியது என்று உடனே பார்க்க முடியும். லேபிளில் எழுதும் தொகுதி எண்ணின் பயனும் அதுதான். செய்த தேதியையே தொகுதி எண்ணாக வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

சான்றிதழில் முடிவுத் தேதி இருந்தால், அதற்கு 60 நாள் முன்னதாக ஒரு நாளைச் செல்போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். 2024 இல் இருந்த விதிப்படி காலாவதிக்கு 30 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டியிருந்தது. அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறியது, ஓராண்டுக் கட்டணம் ஒரே நாளில் போனது. வீடு மாறினாலும் பழைய பதிவை வைத்துக்கொண்டு புதிய இடத்தில் ஓவனை இயக்காதீர்கள். பதிவு ஆளுக்கு மட்டுமல்ல, அந்த முகவரிக்கும் சேர்த்துத் தரப்பட்டது.